ஃபில்லர், போடாக்ஸ், எம்.என்.ஆர்.எஃப்., பீல்: 14 வாரத்தில் எதை எப்போது வைப்பது?

புதுஊசி:

என்னிடம் வந்திருக்கும் நோயாளி: பெண், வயது 46. மகளுக்குக் கல்யாணம், இன்றிலிருந்து சரியாக 14 வாரம். தோல் ஃபிட்ஸ்பேட்ரிக் நிற அளவில் 5 (கரும்பழுப்பு). இரண்டு கன்னத்திலும் பழைய பருத் தழும்பு. பெரும்பாலும் அலை அலையாக இறங்கும் ரோலிங் வகை, நடுவே ஓரிரண்டு ஐஸ்பிக் (குறுகி ஆழமான குழி). கன்ன எலும்பின் மேல் மங்கு. மூக்கோரத்திலிருந்து வாய்க்கோடி வரை மடிப்பு. கண்ணுக்குக் கீழே பள்ளம், கூடவே கருமை. புருவ நடுவில் இரண்டு கோடு. ஒடிசலான முகம். சர்க்கரை, ரத்த அழுத்தம் இல்லை. மேல் கடைவாய்ப் பல்லில் வேர் சிகிச்சை பாதியில் நிற்கிறது.

கிளினிக்கின் கல்யாணப் பேக்கேஜ் இப்படி: ஒரே நாளில் ஹைஃபு (குவித்த அல்ட்ராசவுண்ட் சூடு), எம்.என்.ஆர்.எஃப். (நுண்ணூசி வழியாக ரேடியோ அலைச் சூடு), 2 மி.லி. ஹயலுரானிக் ஃபில்லர் (பள்ளத்தை நிரப்பும் ஜெல்), போடாக்ஸ் (தசையைத் தளர்த்தும் டாக்ஸின்). மூன்று வாரம் கழித்து கிளைகாலிக் பீல் (அமிலத்தால் மேல்தோலை உரிப்பது). இதில் எதைத் தள்ளுவது, எதை வைத்துக்கொள்வது? எதற்கும் எதற்கும் எவ்வளவு இடைவெளி? ஃபில்லர் போட்ட பிறகு எம்.என்.ஆர்.எஃப். செய்தால் ஜெல் கரைந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?

மதுரைத்தோல்:

முதலில் அந்தப் பேக்கேஜை ஓரமாக வையுங்கள். இரண்டு மூன்று சிகிச்சையை ஒரே நாளில் செய்வது தப்பென்று நான் சொல்லவில்லை. டாக்ஸினும் ஃபில்லரும் ஒரே நாளில் போடுவது அன்றாடம் நடப்பதுதான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஃபில்லர் போட்ட முதல் சில மணி நேரம் தோலின் நிறத்தைப் பார்த்துத்தான் ஜெல்லால் ரத்தக் குழாய் அடைபட்டதா இல்லையா என்று நாம் கண்டுபிடிக்கிறோம். காலையில் ஹைஃபு, அதன் மேல் எம்.என்.ஆர்.எஃப். என்று முகம் முழுக்கச் சிவந்து வீங்கிக் கிடந்தால் எதைப் பார்ப்பீர்கள்? எம்லா மரப்பு க்ரீம் தடவினாலே தோல் கொஞ்ச நேரம் வெளிறும். ஃபில்லர் சிரிஞ்சுக்குள்ளேயே 0.3 சதவீதம் லிக்னோகெய்ன் மரப்பு மருந்து இருப்பதால் அடைப்பு வந்தாலும் முதலில் வலி தெரியாமல் போகலாம். இத்தனைக்கும் மேலே 5-ஆம் வகைத் தோல். பாடப் புத்தகப் படத்தில் காட்டும் வெள்ளை வெளேர் வெளிறல் இங்கே வராது. சாம்பல் பூத்தாற்போல் இருக்கும், அவ்வளவுதான்.

அதனால் சூட்டுக் கருவிகளெல்லாம் முதலில், ஃபில்லர் கடைசியில். இடையில் குறைந்தது இரண்டு வாரம். இந்தக் கேஸில் டாக்ஸின் ஆறாவது வாரம், ஃபில்லர் பத்தாவது வாரம்.

ஹைஃபுவை இந்த முகத்துக்கு வேண்டாம் என்பேன். 4.5 மி.மீ. ஆழத்துக்கான கார்ட்ரிட்ஜ், ஒடிசலான கன்னத்தில் கொழுப்பைத்தான் போய்ச் சுடும். ஏற்கெனவே பள்ளமாக இருக்கிற முகத்தில் இருக்கிற கொழுப்பையும் கரைத்துவிட்டு, அதே பள்ளத்தை ஃபில்லர் வாங்கி நிரப்புவது என்ன கணக்கு? அதன் பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும் என்பது தனி.

மங்குக்குத்தான் முதல் கவனம். இன்றைக்கே சன்ஸ்கிரீன், இரவில் ஹைட்ரோகுவினோன், ட்ரெடினாய்ன், மிதமான ஸ்டீராய்டு மூன்றும் சேர்ந்த க்ரீம். அதை எட்டு வாரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். டிரனெக்சாமிக் அமிலம் (ரத்தக் கட்டு கரைவதைத் தடுக்கும் மாத்திரை) 250 மி.கி. இரண்டு வேளை கொடுக்க நினைத்தால் காலில் ரத்தக் கட்டு, பக்கவாதம், கருத்தடை மாத்திரை, சிறுநீரகப் பிரச்சினை நான்கையும் வாய்விட்டுக் கேளுங்கள். "வேற ஏதாவது பிரச்சினை உண்டா?" என்று பொதுவாகக் கேட்டால் யாரும் கருத்தடை மாத்திரையைச் சொல்ல மாட்டார்கள். எம்.என்.ஆர்.எஃப்.-க்கு ஒரு வாரம் முன்பு ட்ரெடினாய்ன் உள்ள க்ரீமை நிறுத்திவிட வேண்டும்.

தழும்புக்கு மூன்றாவது வாரம் சப்சிஷன் (தழும்பைக் கீழே இழுத்துப் பிடிக்கும் நாரை ஊசியால் அறுப்பது), அதோடு முதல் எம்.என்.ஆர்.எஃப். எட்டாவது வாரம் இரண்டாவது. மூன்றாவது தடவைக்கு நேரமில்லை, கல்யாணம் முடிந்து பார்க்கலாம். ஊசி இன்சுலேட் செய்ததாக இருக்கட்டும். சூடு உள்தோலான டெர்மிஸில் மட்டும் இறங்கி மேல்தோல் தப்பும், இந்த நிறத்துக்கு அதுதான் வேண்டும். காதுக்குப் பின்னால் ஒரு டெஸ்ட் ஷாட் போட்டுப் பாருங்கள். மங்கு உள்ள திட்டின் மேல் ஒரே இடத்தில் இரண்டு தடவை ஸ்டாம்ப் பண்ணாதீர்கள். ஐஸ்பிக் குழிகள் இதில் நிரம்பாது. அதற்கு அடர்த்தியான டி.சி.ஏ. அமிலத்தைக் குழிக்குள் மட்டும் தொட்டு வைக்கும் கிராஸ் முறை இருக்கிறது, ஆனால் இந்த நிறத்தில் கல்யாணத்துக்கு முன் அதைத் தொட வேண்டாம்.

முடிந்ததும் துளைகள் திறந்திருக்கும்போது வைட்டமின் சி சீரம் தடவுகிற வழக்கத்தை விட்டுவிடுங்கள். துளை வழியாக உள்ளே போய் கிரானுலோமா (அழற்சி முடிச்சு) வந்த பதிவுகள் இருக்கின்றன. ஸ்டெரைல் ஜெல் போதும்.

பீல் வேண்டாம். ட்ரெடினாய்ன், எம்.என்.ஆர்.எஃப்., இரண்டின் எரிச்சலுக்கு மேல் கிளைகாலிக் ஊற்றினால் மங்கு குறையாது, அதன் பக்கத்தில் இன்னொரு கருமை வரும்.

கேனுலா25:

மதுரைத்தோல் சாரின் வரிசை சரி. ஃபில்லர் அளவைப் பற்றி நான் சொல்கிறேன்.

மூக்கோர மடிப்பைப் பார்த்ததும் மடிப்பையே நிரப்பத் தோன்றும். பெரும்பாலும் மடிப்பு ஆழமாவது மேலே கன்னம் இறங்குவதால். கன்ன எலும்பின் மேல், எலும்பைத் தொட்டு, பக்கத்துக்கு 0.5 மி.லி. வையுங்கள், மி.லி.க்கு 20 மி.கி. செறிவுள்ள, தூக்கி நிறுத்தும் ஜெல் (வால்யூமா வகை). ஒரு புள்ளிக்கு 0.1 மி.லி.க்கு மேல் போகாமல், மெதுவாக. 1 மி.லி. அங்கேயே முடிந்தது. அதற்குப் பிறகு அவரை உட்கார வைத்துப் பாருங்கள், படுக்க வைத்து அல்ல. மடிப்பு பாதி குறைந்திருக்கும், கண்ணடிப் பள்ளத்தின் கீழ்க் கரையும் தூக்கியிருக்கும். மீதி மடிப்புக்குப் பக்கத்துக்கு 0.2, 0.3 போதும்.

மடிப்பின் மேல் மூன்றில் ஒரு பங்கில், மூக்குச் சிறகின் ஓரத்தில், முக ரத்தக் குழாய் தோலுக்கு அருகே மேலேறி வருகிறது. கீழே வாய்க்கோடி பக்கம் ஆழத்தில் இருந்தது இங்கே மேலே வந்துவிடும். அங்கே கூர் ஊசியோடு நடு ஆழத்தில் உலாவுவதுதான் ஆபத்து. 25 கேஜ் கேனுலா (முனை மழுங்கிய மெல்லிய குழல்), 50 மி.மீ. எடுத்துக்கொள்ளுங்கள். கேனுலா என்றால் ரத்தக் குழாய்க்குள் போகவே போகாது என்று நம்பிவிடாதீர்கள். 27 கேஜுக்கும் மெலிந்த கேனுலா கிட்டத்தட்ட ஊசிதான்.

உறிஞ்சிப் பார்த்து ரத்தம் வரவில்லை என்பதால் தைரியம் கொள்ள வேண்டாம். ஊசிக்குள் ஏற்கெனவே ஜெல் நிரம்பியிருக்கும். கெட்டியான ஜெல் வழியாக ரத்தம் ஏறி வர ஐந்து பத்து நொடிகூட ஆகலாம், வராமலும் போகலாம். ரத்தம் வந்தால் நிச்சயம் நிறுத்துங்கள். வராவிட்டால் அது ஒன்றையும் சொல்வதில்லை.

கண்ணடிப் பள்ளத்தைக் கல்யாணத்துக்கு முன்பு தொடவே வேண்டாம் என்பது என் கட்சி. முதலில் கருமை எதனால் என்று பாருங்கள். கீழ் இமைத் தோலை மெல்ல இழுத்துப் பிடியுங்கள்: நிறம் தோலோடு சேர்ந்து நகர்ந்தால், அப்படியே இருந்தால், அது நிறமி. டார்ச்சை நேர் முன்னால் பிடித்ததும் மறைந்தால் அது பள்ளத்தின் நிழல். நம் ஊர்க் கருவளையத்தில் பெரும்பங்கு நிறமிதான், அதற்கு ஃபில்லர் ஒரு பைசாவுக்குப் பிரயோசனமில்லை. பள்ளம்தான் என்றாலும், ஹயலுரானிக் ஜெல் தண்ணீரை இழுக்கும். இமைக்குக் கீழே கொஞ்சம் கூடினாலும் காலையில் பை தொங்கும், ஜெல் மேலாக இருந்தால் நீலம் பாரிக்கும். போட்டோவில் அந்த நீலத்தை எந்த மேக்கப்பும் மறைக்காது. அவசியம் வந்தால் பிறகு, எலும்பின் மேல், பக்கத்துக்கு 0.3-ஐத் தாண்டாமல்.

புருவ நடுக்கோட்டில் ஃபில்லர் கூடவே கூடாது. கண் தமனியோடு சேரும் கிளைகள் ஓடும் இடம் அது, மூக்குத் தண்டும் அப்படித்தான். பார்வை போன சம்பவங்களில் இந்த இரண்டு இடமும் முன்னால் நிற்கின்றன. அங்கே டாக்ஸின் மட்டும்: போடாக்ஸ் கணக்கில் 20 யூனிட், ஐந்து புள்ளி, புள்ளிக்கு 4. 100 யூனிட் வயலில் 2.5 மி.லி. சலைன் விட்டால் 0.1 மி.லி.க்கு 4 யூனிட் வரும், மனக்கணக்குக்கு வசதி. டிஸ்போர்ட் (இன்னொரு டாக்ஸின் பிராண்டு) யூனிட் வேறு; இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இமைமேல்:

ஒரு சின்ன மாற்றுக் கருத்து. டாக்ஸினையும் கன்ன ஃபில்லரையும் தனித்தனி நாளில் வைக்க வேண்டிய அவசியமில்லை. கன்னத்துக்கும் புருவ நடுவுக்கும் சம்பந்தமில்லை. ஒரே நாள் என்றால் ஃபில்லர் முதலில், அதை அழுத்திச் சீராக்கி முடித்த பிறகு டாக்ஸின். தலைகீழாகச் செய்தால் பிசைகிற கையே டாக்ஸினைப் பரப்பிவிடும், இமை தொங்கும். வெளியூரிலிருந்து வருகிறவருக்கு ஒரு நடை மிச்சம்.

மதுரைத்தோல்:

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தக் கேஸில் டாக்ஸினை ஆறாவது வாரத்துக்குத் தள்ளியதற்கு வேறு காரணம். இரண்டு எம்.என்.ஆர்.எஃப்.-க்கு நடுவே அது அழகாக உட்காரும்: மூன்று ஐந்து நாளில் பிடிக்க ஆரம்பித்து இரண்டு வாரத்தில் முழுசாகப் பிடிக்கும், எட்டாவது வார வீக்கத்தில் பரவுகிற பயமில்லை. மூன்று நான்கு மாதம் நிற்கும் என்பதால் கல்யாணத்தைத் தாண்டும். சமச்சீர் இல்லாவிட்டால் எட்டாவது வாரத்தில் கண்ணில் படும், திருத்த நேரம் இருக்கும். ஃபில்லர் பத்தாவது வாரம்.

மருந்தறை:

டாக்டர்கள் கை வேலையைப் பற்றிச் சொன்னார்கள், நான் அலமாரியைப் பற்றிச் சொல்கிறேன். ஃபில்லர் தட்டைத் திறக்கும் முன் அதே அறையில் இவை இருக்க வேண்டும். பக்கத்து மெடிக்கலில் கிடைக்கும் என்பது கணக்கில் சேராது.

ஜெல்லைக் கரைக்கும் ஹயலுரானிடேஸ் 1500 யூனிட் வயல், குறைந்தது நான்கு. ஏன் நான்கு என்றால், மேல் உதடும் மூக்கோரமும் சேர்ந்து அடைபட்டால் ஒரு தடவைக்கே 1000 யூனிட் போகும், அதை மணிக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டியிருக்கும். ஒரு வயலை மட்டும் வைத்துக்கொண்டு ஃபில்லர் போடுகிற இடங்கள் இருக்கின்றன, பயமாக இருக்கிறது. 1 மி.லி. சலைனில் கரைத்தால் 0.1 மி.லி.க்கு 150 யூனிட். எந்த வெப்பநிலையில் வைப்பது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், டப்பாவைப் படியுங்கள்.

அட்ரினலின் 1:1000, ஆஸ்பிரின் 300 மி.கி., வெந்நீர் ஒத்தடத்துக்குத் துணி. ஐஸ் பையைத் தனியாக வையுங்கள். சாதாரணக் கன்றலுக்கு அது சரி, அடைப்புச் சந்தேகம் வந்தால் ஐஸ் வைக்கவே கூடாது, குழாய் இன்னும் சுருங்கும்.

ஃபில்லர் சிரிஞ்ச் பொதுவாக 2 முதல் 25 டிகிரி வரை தாங்கும், உறையக் கூடாது. மே மாத மதுரையிலோ வேலூரிலோ கரண்ட் போய் ஏ.சி. நின்றால் அறை 25-ஐ எப்போதோ தாண்டியிருக்கும், ஆகவே ஃபிரிட்ஜ் கீழ்த் தட்டு. டாக்ஸின் 2 முதல் 8. கலக்கிய வயலை லேபிள்படி 24 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும்.

டப்பாவில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, இறக்குமதி உரிம எண் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். லாட் எண் ஸ்டிக்கர் இரண்டு வரும். ஒன்று கேஸ் ஷீட்டில், இன்னொன்று நோயாளி கையில்.

கண்ணருகே குளோர்ஹெக்சிடின் கிருமிநாசினியால் துடைக்காதீர்கள், கண்ணில் வழிந்தால் கருவிழியைக் கெடுக்கும். அங்கே போவிடோன் அயோடின்.

புதுஊசி:

நன்றி. மூன்று சந்தேகம். ஒன்று, பல். இரண்டு, இதே கிளினிக்குக்கு வேறு இடத்தில் ஃபில்லர் போட்டு மூன்று மாதம் ஆன ஒருவர் எம்.என்.ஆர்.எஃப். கேட்டு வந்திருக்கிறார், செய்யலாமா? மூன்று, அடைப்பு வந்தால் கை வேலையாக என்ன வரிசை?

கேனுலா25:

பல்: வேர் சிகிச்சையை இப்போதே முடிக்கச் சொல்லுங்கள். வாயில் சீழ் வைத்துக்கொண்டு ஜெல் வைத்தால் கிருமி ரத்தம் வழியாகப் போய் ஜெல்லில் தங்கும், வாரக் கணக்கில் கழித்து முடிச்சாகக் கிளம்பும். பல் வேலைக்கும் ஃபில்லருக்கும் முன்னும் பின்னும் இரண்டு வாரம் விடுங்கள். சளி, காய்ச்சல், தடுப்பூசிக்கும் அதே கணக்கு. உடம்பு எதிர்ப்பைக் கிளப்பும் சமயத்தில் பழைய ஃபில்லர்கூட வீங்குவதுண்டு. உதட்டில் அடிக்கடி அக்கி வரும் வாகா என்றும் கேளுங்கள். உண்டென்றால் வாலசைக்ளோவிர் 500 மி.கி. இரண்டு வேளை, முந்தின நாளே ஆரம்பித்து. மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் ஈ, வலி மாத்திரைகளை ஒரு வாரம் முன்பு நிறுத்தினால் கன்றல் குறையும். இதய மருத்துவர் எழுதிய ஆஸ்பிரினை மட்டும் நீங்களாக நிறுத்தக் கூடாது.

பழைய ஃபில்லர் மேல் எம்.என்.ஆர்.எஃப்.: "கரைந்துவிடுமா" என்று கேட்பதைவிட "எந்த ஆழத்தில் இருக்கிறது" என்று கேளுங்கள். கன்ன எலும்பின் மேல் வைத்த ஜெல்லை 1.5, 2 மி.மீ. ஊசி எட்டாது. உதடு, கண்ணடி, மேலாக நூல் போல் ஓட்டிய மூக்கோர மடிப்பு, இவற்றை எட்டும்; அந்த இடங்களை விட்டுவிட்டு மற்ற இடத்தில் செய்யுங்கள். அதற்கு முன் என்ன ஜெல் என்று கண்டுபிடியுங்கள். ரேடியஸ் என்றால் கால்சியம் ஹைட்ராக்சிலபடைட், ஸ்கல்ப்ட்ரா என்றால் பாலி-எல்-லாக்டிக் அமிலம். இரண்டையும் ஹயலுரானிடேஸ் தொடாது. பெயரே தெரியாமல் "ஊசியில்லாத பேனாவில் பார்லரில் போட்டாங்க" என்றால் கையை எடுத்துவிடுங்கள். அழுத்தத்தால் உள்ளே தள்ளும் அந்தப் பேனாக்களைப் பற்றி அமெரிக்க எஃப்.டி.ஏ. 2021-இலேயே எச்சரித்தது. உள்ளே எது, எந்த ஆழத்தில் என்று யாருக்கும் தெரியாது.

அடைப்பு: ஜெல் செலுத்துவதை அந்தக் கணமே நிறுத்துங்கள். விரலால் ஐந்து நொடி அழுத்தி விட்டுப் பாருங்கள், எதிர்ப்பக்கக் கன்னத்திலும் அதே மாதிரி. நிறம் திரும்ப இரண்டு மூன்று நொடிக்கு மேல் எடுத்தால், அல்லது ஊசி போடாத இடத்திலும் மீன்வலை போல ஊதா வரி படர்ந்தால், காத்திருக்க வேண்டாம். ஊசி இறங்கிய புள்ளியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். மடிப்பில் போட்ட ஜெல்லுக்கு மூக்கு நுனியும் மேல் உதடும் வெளிறும், அந்தக் குழாயின் வழி முழுக்கப் பாருங்கள். சின்னப் பகுதிக்கு 500 யூனிட்டில் தொடங்கி, நிறம் மாறிய இடம் முழுக்க நனையும்படி போட்டு நன்றாகப் பிசையுங்கள். வெது ஒத்தடம், ஆஸ்பிரின். ஒரு மணி நேரத்தில் நிறம் திரும்பாவிட்டால் மறுபடியும். நைட்ரோகிளிசரின் களிம்பை நான் எடுப்பதில்லை. அடைப்பை எடுக்காது, அடைபடாத இடத்துக் குழாயை விரித்து ரத்தத்தை அங்கே திருப்பும்.

குளவி, தேனீ கொட்டி மூச்சுத் திணறியவர் என்றால் ஹயலுரானிடேஸ் ஒவ்வாமை வரலாம். அழகுக்காகக் கரைக்கும்போது முன்கையில் சோதனை ஊசி போட்டு அரை மணி நேரம் பார்க்கலாம். அடைப்பின்போது அதற்கு நேரமில்லை, அட்ரினலினைக் கையில் வைத்துக்கொண்டு போட வேண்டியதுதான்.

கண்ணில் திடீர் வலி, இருட்டு என்றால் கிளினிக்கில் எதையும் முயன்று நேரம் கடத்தாதீர்கள். விழித்திரை ஒன்றரை மணி நேரம் தாங்கினால் அதிகம். எந்தக் கண் மருத்துவமனையில் மாலையிலும் விழித்திரை மருத்துவர் இருப்பார் என்று ஃபில்லர் போட ஆரம்பிக்கும் முன்பே கேட்டு, எண்ணைச் சுவரில் ஒட்டிவையுங்கள். மாலை ஏழு மணிக்கு ஃபில்லர் போடாமல் காலையில் போடுவதற்கும் அதுதான் காரணம்.

புதுஊசி:

சரி, இப்படி எழுதிக்கொண்டேன். 0: க்ரீம், சன்ஸ்கிரீன், பல். 3: சப்சிஷன், எம்.என்.ஆர்.எஃப். 6: டாக்ஸின் 20 யூனிட். 8: எம்.என்.ஆர்.எஃப். 10: கன்னம் 1 மி.லி., மடிப்புக்கு மீதி. 13: லேசான லாக்டிக் பீல், பொலிவுக்கு. சரிதானே?

மதுரைத்தோல்:

13-ஐ அடித்துவிடுங்கள். பத்தாவது வாரத்துக்குப் பிறகு சூடும் வேண்டாம், அமிலப் பீலும் வேண்டாம். 12-இல் வரவழைத்து உட்கார வைத்து, பத்தாவது வாரத்துப் போட்டோவோடு ஒப்பிடுங்கள். கூடுதலாகத் தெரிந்தால் கரைக்க இன்னும் நேரம் இருக்கும். க்ரீமை எட்டாவது வாரத்து எம்.என்.ஆர்.எஃப்.-க்கு முந்தின வாரம் நிறுத்தினால் நிறுத்தியதுதான், திரும்ப ஆரம்பிக்க வேண்டாம். அஸெலாயிக் அமில க்ரீமுக்கு மாற்றிவிடுங்கள்.

இன்னொன்றையும் அவரிடம் எழுதியே கொடுங்கள், வாய்ப்பேச்சு நிற்காது: ஃபில்லர் போட்ட அன்று துளையின் மேல் மேக்கப் இல்லை, இரண்டு வாரத்துக்குப் பார்லர் ஃபேஷியல், ஆவி, முக மசாஜ் இல்லை. பத்திரிகை வைக்கப் போகிற இடத்தில் யாராவது "கல்யாண வீடு, ஒரு கோல்டு ஃபேஷியல் பண்ணிக்கோங்க அக்கா" என்று கட்டாயம் சொல்வார்கள்.